தானாக ஹாரன் அடித்த வயிறு

உலகத்தில் எத்தனையோ வயிறுகள் உண்டு. பிள்ளை சுமக்கும் வயிறு, பசிக்கும் வயிறு, கணக்குப் பரீட்சையன்று மட்டும் வலிக்கும் என்னுடைய வயிறு. ஆனால் ஒரு பள்ளிக்கூட வேன், ஒரு முழுத் தெரு, ஒரு மெக்கானிக், மூன்று டாக்டர்கள் என்று இத்தனை பேரையும் ஆட்டிவைத்த வயிறு பூமி உருண்டையில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் அத்தையுடையது. அதற்குச் சிலை வைக்கலாம். பீடம் தாங்குமா என்பதுதான் சந்தேகம்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. எங்களோடுதான் இருக்கிறார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "நாள் பூரா இத்தனை பேரை ஏத்தி இறக்குறேன். வீட்டுக்குப் போய் இன்னொருத்தனை வேற ஏத்தணுமா?" என்பார்.

ஆள் குள்ளம். சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, ஸ்டியரிங்கோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் கால் பிரேக்குக்கு எட்டும். அத்தைக்கு ஒரு வைராக்கியம் உண்டு. ஹாரன் அடிக்கவே மாட்டார். மருந்துக்கடைத் திருப்பத்தில் எதிரே வருவது தெரியாது. அங்கே எல்லா வண்டியும் அலறும். அத்தை மட்டும் ஜன்னலில் தலையை நீட்டி, "வர்றேன்!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். லாரிக்காரன்கூட ஒதுங்குவான்.

அப்படிப்பட்ட வேன் ஒருநாள் அந்தத் திருப்பத்தில் "பாம்" என்றது.

பிள்ளைகள் திடுக்கிட்டார்கள். அத்தையின் கண் நேராகக் கண்ணாடி வழியாக என்னிடம் வந்தது. அந்த வேனில் எது சத்தம் போட்டாலும் நான்தான் என்பது சட்டம்.

"ஏய் வாலு, என்னடி செஞ்ச?"

"நான் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கேன் அத்தை!"

"அதான் பயமா இருக்கு."

மறுநாளும் "பாம்". என்னைக் கடைசி சீட்டுக்கு விரட்டினார். அதற்கும் மறுநாள் இன்னும் நீளமாக "பாஆஆம்". செய்யாத குற்றத்துக்கு நாடு கடத்தப்பட்ட நான், பழிவாங்கும் விதமாக வேனுக்கு 'ஆட்டோமேட்டிக்' என்று பட்டம் சூட்டினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் பின்சீட்டுப் பட்டாளம் மூச்சைப் பிடித்துக் காத்திருந்து, ஹாரன் அடித்ததும் கைதட்டியது.

இந்த இடத்தில் எங்கள் குடும்பம் ஓர் அரிய காரியம் செய்தது. ஹாரன் தானாக அடிக்கிறது என்று வேனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனது.

மெக்கானிக் அண்ணன் ஸ்டியரிங் மூடியைக் கழற்றினார். ஒயரைப் பார்த்தார். பட்டனை மாற்றினார். தானே ஏறி உட்கார்ந்து, பத்திரமாக ஒரு சுற்றுப் போய் வந்தார். சத்தமே இல்லை. அத்தை ஏறி, வளைவில் எட்டிப் பார்ப்பது போல முன்னால் சாய்ந்தார். "பாம்."

"அக்கா, வண்டில ஒண்ணும் இல்லக்கா" என்றார் அவர். "நான் உக்காந்தா அடிக்கல. நீங்க உக்காந்தா..."

அவர் கண் ஸ்டியரிங் நடுவில் இருந்த பட்டனைப் பார்த்தது, பட்டனை அமுக்கிக்கொண்டிருந்த அத்தையின் வயிற்றைப் பார்த்தது, பிறகு அவசரமாகத் தன் கையைப் பார்த்தது. கையை அவர் அவ்வளவு அக்கறையாகத் துடைத்து நான் பார்த்ததே இல்லை.

"என்னடா முழிக்கிற? உக்காந்தே வேலை செஞ்சா தொப்பை போடாதா?" என்றார் அத்தை.

தொப்பை போடும்தான். ஆனால் தொப்பை போடுகிறவருக்குக் கை இளைக்குமா? மணிக்கட்டில் இருந்த வாட்ச் முழங்கை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முகம் சின்னதாகியிருந்தது. திருப்பத்தில் "வர்றேன்" என்று கத்தியே கொஞ்சநாள் ஆகியிருந்தது. கத்த மூச்சு இல்லை. வயிறு மட்டும், வீட்டில் இருந்த எல்லார் பங்கையும் தானே தின்ற மாதிரி உப்பிக்கொண்டு வந்தது.

மாடிவீட்டு அக்கா படிக்கட்டில் அத்தையை மடக்கினாள். "கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. எத்தனை மாசம்?"

"தெரியல. உள்ள இருக்கிறது பஸ்ஸா லாரியான்னே இன்னும் சொல்லல" என்றார் அத்தை. "பொறந்ததும் உங்களுக்குத்தான் முதல் ரவுண்டு."

முதல் டாக்டர் வாயு என்று மாத்திரை கொடுத்தார். இரண்டாமவர், "வயித்துல நீர் கோத்திருக்கு" என்று ஊசி போட்டுப் பாட்டில் பாட்டிலாக இறக்கினார். வேன் ஊமையானது. அத்தை எல்லாரையும் ஜெயித்த மாதிரி ஓட்டினார். கொஞ்ச நாளில் மறுபடியும் "பாம்". இந்த முறை பின்சீட்டில் ஒருவரும் கைதட்டவில்லை. தட்டப்போனவனின் கையில் நான் கிள்ளிவிட்டேன். அது தற்செயல்.

மூன்றாவது டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சினைப்பையில் ஒரு கட்டி. வயிற்றில் நீர். நுரையீரலைச் சுற்றியும் நீர். மூச்சு வாங்குவது அதனால்தான்.

சினைப்பை என்றால் கருமுட்டை இருக்கும் இடம். உயிரியல் புத்தகத்தில் அதன் படத்துக்கு நான் ஏற்கெனவே மீசை வரைந்திருந்தேன். அப்போது அது யாருக்கும் கெடுதல் செய்யும் என்று தெரியாது.

"இந்த மூணும் சேர்ந்து வந்தா நாங்க முதல்ல பயப்படுறது புற்றுநோய்க்குத்தான்" என்றார் டாக்டரம்மா. "ரத்தப் பரிசோதனையும் அந்தப் பக்கமாத்தான் கை காட்டுது. ஆனா அபூர்வமா சிலருக்கு, ஒரு சாதாரண நார்க்கட்டியே இவ்வளவு ரகளையும் பண்ணும். வெளியில எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"எடுத்தா வண்டி ஓட்டலாமா?" என்றார் அத்தை.

"முதல்ல எடுப்போம்மா."

கேட்டதற்குப் பதில் அது இல்லை என்பது அத்தை, அப்பா, நான் என்று மூன்று பேருக்கும் புரிந்தது. அப்பா வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். தொட்டி நிரம்பி வழிந்தது. அத்தை கதவைத் தட்டி, "டேய் தம்பி, தண்ணி என் வயித்துலயே போதும்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்முன் வேன் சாவியை மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்தார்.

"மருந்துக்கடைத் திருப்பத்துல தலைய நீட்டிக் குரல் குடுக்கணும். ஹாரன் அடிச்சேன்னு கேள்விப்பட்டேன், திரும்பி வந்து உன்ன ஒரு வழி பண்ணிடுவேன்."

"திரும்பி வந்துடுவீங்கல்லக்கா?"

அத்தை அவர் கையிலிருந்த சாவிக்கொத்தை வாங்கி, தூசியைத் தட்டித் திருப்பிக் கொடுத்தார்.

ஆபரேஷன் நடந்த நேரத்தில் நான் வெளியே பெஞ்சில் நன்றாகத் தூங்கினேன். எனக்கு எந்தப் பதற்றமும் இல்லை. அப்பாதான் நடந்து நடந்து தரையைத் தேய்த்தாராம்.

டாக்டரம்மா வெளியே வந்து, "வெள்ளையா, கெட்டியா, பெரிய உருளைக்கிழங்கு மாதிரி இருந்துச்சு. பார்த்தா நல்ல கட்டியாத்தான் தெரியுது. சோதனைக்கு அனுப்பியிருக்கோம்" என்றார்.

மயக்கம் தெளிந்ததும் அத்தைக்கு இதைச் சொன்னோம். "கட்டியில என்ன நல்ல கட்டி, கெட்ட கட்டி? ஒழுக்கச் சான்றிதழா குடுத்தாங்க?" என்று முனகிவிட்டுத் தூங்கிப்போனார். சான்றிதழ் வரும் வரை வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. நான் யாருடைய செருப்பையும் ஒளித்துவைக்கவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

முடிவு வந்தது. நார்க்கட்டி. புற்று இல்லை. அதைவிட வேடிக்கை, கட்டி போனதும் மிச்சமிருந்த நீர் யாரும் இறக்காமலே வற்றத் தொடங்கியது. வயிற்றிலும் சரி, நெஞ்சிலும் சரி. முதலாளி ஓடிவிட்டால் அடியாட்கள் கலைவார்களே, அந்த மாதிரி.

"ஒரு உருளைக்கிழங்கா என்னை இந்த ஆட்டு ஆட்டுச்சு?" என்று அத்தைக்குத்தான் அவமானம். இப்படியொரு நோயாளியைக் காண்பது அரிது என்று டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். அத்தை தலையணையில் சாய்ந்தபடி, "தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க. பையை மடியில வெச்சுக்குங்க" என்று அவர்களை ஒழுங்குபடுத்தினார்.

உடம்பு தேறி, டாக்டரம்மா தலையாட்டிய பிறகு அத்தை மறுபடியும் வேனில் ஏறினார். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு டிபன்பாக்ஸ் வைக்கும் அளவுக்கு இடம் இருந்தது. எனக்கு நாடு கடத்தல் ரத்தாகி, அத்தைக்கு நேர் பின்னால் இருந்த சீட்டு கிடைத்தது.

மருந்துக்கடைத் திருப்பம் வந்தது. வேனே மூச்சைப் பிடித்தது. அத்தை முன்னால் சாய்ந்தார். சத்தம் இல்லை. தலையை வெளியே நீட்டினார்.

"வர்றேன்!"

மருந்துக்கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து கும்பிடு போட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெயில் கண்ணில் அடித்தது.

"ஏய் வாலு" என்றது கண்ணாடி. "ஆபரேஷன் அன்னிக்கு பெஞ்சில நல்லாத் தூங்கினியாமே?"

"ஆமா அத்தை. செம தூக்கம்."

"அப்படியா? அந்த நர்ஸம்மா வேற மாதிரில்ல சொன்னாங்க. ஒரு பொண்ணு மூக்கு ஒழுக ஒழுக தியேட்டர் கதவத் தட்டி, 'அத்தை, ஒரே ஒரு தடவ ஹாரன் அடி அத்தை'ன்னு கத்தினாளாம். ரெண்டு பேர் தூக்கிட்டுப் போய் உக்கார வெச்சாங்களாம். அது யாருடி?"

பின்சீட்டுப் பட்டாளம் மொத்தமும் என்னைப் பார்த்தது. வேறு யாரோ என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அத்தை, வாழ்க்கையில் முதல்முறையாக, தன் கையாலேயே பட்டனை அமுக்கினார்.

"பாம்."

"கேட்டுச்சா? மூக்கத் துடை."