கண் வைக்காத படங்கள்

என் சாச்சா பேய்க்கதைகளுக்குப் படம் வரைகிறவர். கொழும்பில் அதைக் கோதிக் பாணி என்கிறார்கள். ஒரே ஓர் அட்டைப்படத்தைத் தவிர, அவர் படங்களில் யாருக்கும் முகம் முழுதாகத் தெரியாது. குடை மறைக்கும், மர நிழல் விழும், இல்லையென்றால் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள் இருக்கும். இதை எந்த நாட்டு ஓவியரிடம் கற்றார் என்று ரசிகர்கள் வாதாடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். கற்றுக்கொடுத்தவர் மாத்தளையில் மிளகும் கராம்பும் விற்ற என் வாப்பா. அவருக்குப் படம் என்றாலே ஆகாது.

சாச்சா வாப்பாவின் தம்பி. எங்கள் கடைக்குப் பின்னால் இருந்த ஸ்டோரில் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு வாரப் பத்திரிகைக்கு வரைவார். உருவம் வரைவது மார்க்கத்தில் கூடாது என்று வாப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தம்பி கேட்கவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. கண் இல்லாவிட்டால் அது உயிருள்ள உருவம் ஆகாது, ஆகவே கண் மட்டும் வைக்கக் கூடாது. வைத்தால் இந்தக் கூரையின் கீழ் இடமில்லை. சாச்சா தலையாட்டிவிட்டுக் குடைகளையும் நிழல்களையும் கண்டுபிடித்தார். பத்திரிகை ஆசிரியர் அதைப் புதுமை என்று கொண்டாடினார்.

எனக்கு எட்டு வயதானபோது அதே ஆசிரியர் சாச்சாவுக்குப் போன் எடுத்தார். புதுத் தொடருக்கு அட்டைப்படம் வேண்டும். பேயை நேருக்கு நேர் பார்த்த ஒரு சிறுமி, முழு முகம், கண்கள் திறந்திருக்க வேண்டும். நன்றாக வந்தால் கொழும்பில் நிரந்தர வேலை. சாச்சா சம்மதித்துவிட்டார். பார்த்து வரைய என்னைக் கூப்பிட்டார். உம்மா தலையை வாரி என்னை அனுப்பிவைத்தார்.

ஸ்டோரில் என் கையில் டோர்ச் ஒன்றைக் கொடுத்து நாடிக்குக் கீழே பிடிக்கச் சொன்னார்.

"கொஞ்சம் அசையாம இரிங்க மகள்."

சாச்சா தாள் முழுவதும் முதலில் கறுப்பு மை பூசிவிடுவார். பிறகு சவர பிளேட்டால் சுரண்டிச் சுரண்டி வெளிச்சத்தை வெளியே எடுப்பார். என் நெற்றி வந்தது, மூக்கு வந்தது. படம் வரைந்தவரிடம் மறுமையில் அதற்கு உயிர் கொடுக்கச் சொல்வார்கள் என்று மத்ரஸாவில் கேட்டிருந்தேன். சாச்சாவால் முடியாது, பாவம். ஒருவேளை முடிந்துவிட்டால் அதைவிடச் சிக்கல். அப்புறம் உம்மா எந்த என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார்? மறுமையாவது தூரத்தில் இருந்தது. வாப்பா மதியம் லுஹர் தொழுதுவிட்டு வரும் நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கண்கள் மட்டும் மிச்சம் இருந்தபோது வாசலில் வாப்பா நின்றார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாச்சா பிளேட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"பஸ் எத்தன மணிக்கு?" என்றார் வாப்பா.

"நாலு மணிக்கு, நானா" என்றார் சாச்சா தன் அண்ணனிடம். "படத்தக் கண்டக்டர்ட குடுத்தா கொழும்புல கொண்டுபோய்ச் சேர்த்துடுவாரு."

வாப்பா வெளியே போய்க் கதவைச் சாத்தினார். வெளித் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. எங்கள் இரண்டு பேரையும் அடைத்துப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். சாச்சா கதவைப் பார்த்தார். பிறகு பிளேட்டை எடுத்தார். "என்னப் பாருங்க மகள்" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்கு மத்ரஸா உஸ்தாத் வந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"எங்க உங்கட தம்பி? இன்னும் அந்தப் படம் கீறுற வேலதானா?"

"அவன் இல்ல உஸ்தாத். கலேவெலக்குப் போயிட்டான்."

பொய் சொன்னால் வாயில் மிளகு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிற வாப்பா! கூடப்பிறந்த தம்பியை இல்லை என்று சொல்லிவிட்டாரே, இனிச் சேர்க்கவே மாட்டார் என்று என் கண்கள் அகல விரிந்தன. சாச்சா அவசர அவசரமாகச் சுரண்டினார்.

உஸ்தாத் போய் நெடுநேரம் கழித்துத்தான் தாழ்ப்பாள் திறந்தது. வாப்பா உள்ளே பார்க்கவில்லை. முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார். சாச்சா பார்சலைக் கட்டிக் கொடுத்தார். வாப்பா அதை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேகமாக நடந்தார். வழியில் கிழித்து எறியத்தான் கொண்டுபோகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டுக்குள் ஓடினேன். துரத்தப்படுகிறவர் கசங்கிய துணியோடு போகக் கூடாது என்று சாச்சாவின் சட்டைகளை எடுத்து, அழுதுகொண்டே மடித்தேன். உம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். வாப்பா தாழ்ப்பாள் போட்ட கட்டம் வந்ததும் என்னை நிறுத்தி, அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"நல்லா மடிங்க மகள். கொழும்புல அவருக்கு யாரு மடிச்சுக் குடுக்கப் போறா?" என்று சிரித்தார்.

வீடு இப்படி உடைந்துகொண்டிருக்கும்போது உம்மாவுக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.