ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம்

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு டோனட் பெட்டி வந்தால், யாரோ தப்பு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தன் கணக்கில் பிழை கண்டவர்தான் எல்லோருக்கும் வாங்கி வர வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் அந்தப் பிளாஸ்மா இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் வழக்கம் அது. அன்று பெட்டியோடு நுழைந்தவள் மார்லிஸ் ஓஸ்ட்பி.

“எந்த மைனஸ் குறிய முழுங்கின?” என்றான் கார்விக், அவளோடு ஒரே வருடத்தில் சேர்ந்த ஆராய்ச்சி மாணவன். எல்லோரும் சிரித்தார்கள்.

மார்லிஸ் காகித ஆலைத் தொழிலாளியின் மகள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அவளுடைய ஆறு வருட உழைப்பு ஒரே முடிவின் மேல் நின்றது: காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுழலும் எலக்ட்ரான்கள், தங்களுக்குள் மோதியே கோடு விட்டுக் கோடு தாவி வெளியே கசிகின்றன. வசந்தத்தில் முனைவர் பட்டம் என்று அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் வெண்டல் சொல்லியிருந்தார். அந்த நாளுக்கென்று அப்பா புதுக் கோட்டே வாங்கிவிட்டார்.

மார்லிஸ் சுற்றி வளைக்கவில்லை. மோதலில் எதுவும் வீணாவதில்லை. ஒன்று இழந்ததை மற்றது வாங்கிக்கொள்கிறது. ஆகவே ஒரு எலக்ட்ரான் வலப்பக்கம் தாவினால், முட்டிய மற்றது அதே அளவு இடப்பக்கம் தாவ வேண்டும். அவளுடைய கணினிப் புரோகிராம் இரண்டில் ஒன்றை மட்டுமே நகர்த்தியிருந்தது. இரண்டையும் நகர்த்திப் பார்த்தாள். கசிவே இல்லை.

சிரிப்பு நின்றது. வெண்டல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

கார்விக் மட்டும் ஒரு டோனட்டை எடுத்தான். “எனக்குப் போன வருஷமே சந்தேகம்தான்.”

“ஏன் சொல்லல?”

“நீ கேக்கலையே.”

உண்மைதான். புரோகிராமை ஒருமுறை பார்த்துக் கொடுங்கள் என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. படித்த வீட்டுப் பிள்ளைகள் வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டார்கள். தான் கேட்டால் எங்கிருந்து வந்தவள் என்று தெரிந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். யாரையும் கேட்காமலே இயந்திரத்தைக் கற்றவன் நான் என்பது அப்பாவின் பெருமை. அதைத்தான் அவளும் கட்டிக்கொண்டு வந்தாளோ? இல்லை, அந்தக் கசிவு வேண்டுமென்பதாலேயே அதைச் சோதிக்கவில்லையா?

எலக்ட்ரான்கள் அயனிகளோடு மோதும்போது கசிவு நிஜம். அந்தக் கணக்கு கார்விக்கிடம் தயாராக இருந்தது. மாதக் கடைசியில் அவன் பட்டத்துக்கு நாள் குறித்தார்கள். அவளை முதுகலைச் சான்றிதழோடு கிளம்பச் சொன்னார் வெண்டல், மிகவும் மரியாதையாக.

அப்பா போனில் வந்தார். “எப்ப வரணும் புள்ள? கோட்டு இப்பவே இறுக்குது.”

“அதைத் திருப்பிக் குடுத்துடுங்கப்பா.”

“சரி” என்றார்.

ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை.