உயிரோடிருப்பவர்களின் துணி

ஸர்க்கா நகரில் பழந்துணிக் கூடம் நடத்திய நஜாஹுக்கு வாய் திறந்தால் பொய்தான். அதற்காக அவள் வெட்கப்பட்டதும் இல்லை. வந்து குவியும் துணியில் உடுத்தத் தகுந்ததைத் துவைத்துத் தேய்த்து, கடை போலவே மாட்டி வைப்பாள். கிழிசல்கள் மெக்கானிக்குகளுக்குக் கை துடைக்கப் போகும். ஒரு நூல்கூடக் குப்பைக்குப் போகாது. எல்லாம் இலவசம்.

தொல்லை என்னவென்றால், நல்ல துணியெல்லாம் சாவு வீட்டிலிருந்துதான் வரும். துக்கம் ஆறுமுன்பே செத்தவர் உடுப்பைத் தானம் கொடுத்துவிடுவார்கள். வாங்க வருகிற தாய்மாரோ, பிள்ளைக்கு ஆகாது என்று அதைத் தொடமாட்டார்கள். ஆகவே நஜாஹின் கூடத்தில் செத்தவர் யாருமே கிடையாது, எல்லாரும் பருத்துப்போனவர்கள்.

“இந்தக் கால்சட்டைக்காரரா? கல்யாண வீட்டுல மன்சஃப் சோறு தின்னுட்டு எந்திரிச்சாரு. பொத்தான் தெறிச்சு எதிர்வீட்டு ஜன்னல் போச்சு.”

குளிர் எலும்பைக் கடித்த ஒரு காலையில் உம் வஸீம் வந்தாள். மகன் வஸீமுக்கு நெஞ்சுச் சளி. வீட்டில் கணப்புக்கு மண்ணெண்ணெய் இல்லை. நீலக் கம்பளிக் கோட்டு ஒன்றைத் தடவிப் பார்த்தாள்.

“இது யாரோடது காலா?” சின்னம்மா என்று சொல்வதுபோல் நஜாஹை எல்லாரும் காலா என்றுதான் கூப்பிடுவார்கள்.

காய்ச்சலில் போன ஒரு பையனுடையது அது.

“ரொட்டிக்கடைக்காரர் மவனோடது. ஒரே வருசத்துல ஒட்டகமா வளந்துட்டான்.”

உம் வஸீம் சிரித்தபடி வாங்கிப்போனாள்.

குளிர் விலகுமுன் வஸீம் போய்விட்டான். நஜாஹுக்குச் சோறு இறங்கவில்லை. சளிதான் கொன்றது, கோட்டு எங்கே ஆளைக் கொல்லும் என்று தனக்குத்தானே நியாயம் பேசிப் பார்த்தாள், மனசு கேட்கவில்லை. துக்கம் விசாரிக்கக்கூடக் கால் எழவில்லை.

உம் வஸீமே வந்தாள். கோட்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

“எட்டிக்கூடப் பாக்கலையே காலா.”

நஜாஹ் தரையைப் பார்த்தாள். “அந்தக் கோட்டு... ரொட்டிக்கடை மவனோடது இல்லம்மா.”

“தெரியும். செத்துப்போன பையன் வீட்டுத் தெருவுலதான் நான் பாத்திரம் தேய்க்கிறேன். அவன் இதைப் போட்டுக்கிட்டுப் போறத எத்தனை தடவ பாத்திருக்கேன்.”

“தெரிஞ்சுமா கேட்டே?”

“நீங்க பொய் சொல்லணும்னுதான் கேட்டேன். வஸீம் அளவுக்கு வேற கோட்டு இல்லையே.”

கோட்டைத் தானே கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள்.

சற்று நேரத்தில் வேறொருத்தி, மூக்கு ஒழுகும் பிள்ளையோடு வந்து அதையே கையில் எடுத்தாள்.

“நல்ல கோட்டு. யாரோடது காலா?”

நஜாஹ் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

அவள் முகத்தையே பார்த்திருந்த அந்தப் பெண், கோட்டை இருந்த இடத்தில் மாட்டினாள். பிள்ளையை மெல்லிய சட்டையோடே குளிருக்குள் கூட்டிப்போனாள்.