அக்கா எங்களுக்கு விட்டுவைத்த இரண்டு நிலைகள்

எங்கள் அக்கா வாழ்ந்தது எழுபத்தெட்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும். அவற்றில் ஏழு வெள்ளிக்கிழமைகளைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன். மற்றவற்றைச் சுருக்கிவிட்டேன் என்று அக்காவின் மகள்கள் இருவரும் கோபிக்கக் கூடாது. அந்த ஏழையும் நினைத்தால், எழுபத்துமூன்று வயதில் இன்றும் எனக்குக் கால் தரையில் பாவுவதில்லை.

நாங்கள் பிறந்தது தேவாரத்தில். அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினொரு வயது, எனக்கு ஆறு. அம்மாவோடு சேர்ந்து அக்காவும் மலையேறி ஏலக்காய் எடுக்கப் போனார். அவருடைய படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அதனால்தான் என் படிப்பு நிற்கவில்லை. பின்னாளில் நில அளவைத் துறையில் முப்பத்தோராண்டுகள் அளவுச் சங்கிலி பிடித்தேன். அதன் மறுமுனை எப்போதும் அக்காவின் கையில்தான் இருந்தது என்று இன்று தோன்றுகிறது. அக்கா சுருளிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டார். பன்னிரண்டாம் ஆண்டில் மாமா தவறிவிட்டார். திராட்சைப் பந்தலின் கீழே அண்ணாந்தபடி இருபத்தாறு ஆண்டுகள் கூலி வேலை செய்து, இரு மகள்களையும் கல்லூரி வரை படிக்க வைத்தார்.

அக்காவுக்கு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்றால் திருவிழா வந்தது போல. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தால் அன்றிலிருந்து ஒருசந்தி. ஒரு வேளைதான் சோறு. ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது நாள் வரும், ஞாயிறன்று நோன்பு வேண்டியதில்லை என்று நான் தாளில் எழுதியே காட்டியிருக்கிறேன். "ஏலே, ஞாயித்துக்கெழம மட்டும் எனக்கு வேற வயிறா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, நாற்பத்தாறு நாளும் இருப்பார். வாய்க்கும் ஒரு நோன்பு உண்டு. பாஸ்கா என்னும் ஈஸ்டர் வரை யாரையும் ஒரு சொல் திட்டமாட்டார். கோபம் வந்தால் ஒரு விரலை மடக்குவார். "பாஸ்கா முடியட்டும், ஒன்னயப் பேசிக்கிறேன்" என்பார். மறக்கவும் மாட்டார்.

சென்ற ஆண்டு தவக்காலத்துக்கு இரண்டு வாரம் முன்பு, தேனியில் இதய மருத்துவர் பட்டினி கூடாது, மலை ஏறக் கூடாது என்று இரண்டையும் தடுத்துவிட்டார். எங்கள் சமயத்தைச் சேராத உறவினர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். இயேசு சிலுவை சுமந்து போனதைப் பதினான்கு நிலைகளாக நினைத்து, ஒவ்வொன்றிலும் நின்று செபிப்பது சிலுவைப்பாதை. எங்கள் கோயிலுக்குப் பின்னால் உள்ள கரட்டில் அதற்காகப் பதினான்கு சிமெண்டுச் சிலுவைகள் அடிவாரத்திலிருந்து உச்சிவரை நிற்கின்றன. தவக்கால வெள்ளிதோறும் மாலையில் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் எல்லோரும் ஏறுவார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அக்கா ஒரு வெள்ளியும் தவறியதில்லை.

மருத்துவர் சொன்னதைக் கேட்டு அன்று அக்கா சாப்பிடவில்லை. "ஒருசந்தியும் போச்சு, கரடும் போச்சுன்னா எனக்கு எதுக்குடா தவக்காலம்? சும்மா ஒக்காந்து சாவுக்குக் காத்திருக்கவா?" என்றார். அக்கா அழுது நான் பார்த்தது மூன்று முறை. அது மூன்றாவது.

மூத்த மகள் ஜெயராணியோடு மறுபடி மருத்துவரிடம் போய், எத்தனை படி ஏறலாம் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "படிக்கணக்கு எனக்குத் தெரியாதுங்கய்யா. பேச மூச்சு இருக்குற வரைக்கும் மெல்ல நடக்கலாம். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டலாம். மூச்சு வாங்கினா ஒக்காந்துறணும்" என்றார். மறுநாளே நாடாவோடு கரட்டுக்குப் போய் அளந்தேன். மொத்தம் 286 படிகள். வீட்டுக்கு வந்து நாட்காட்டியில் வெள்ளிக்கிழமைகளை எண்ணினேன். புனித வெள்ளியையும் சேர்த்து ஏழு! நிலைகளோ பதினான்கு! வாரத்துக்கு இரண்டு நிலை கூட்டினால் புனித வெள்ளியன்று அக்கா உச்சியில்! நான் போட்ட சத்தத்தில் ஜெயராணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"ஆண்டவரு ஒரே நாள்ல நடந்தாரு. நான் ஏழு வாரமாடா நடக்கணும்?" என்றார் அக்கா.

"அவருக்கு முப்பத்துமூணு வயசுக்கா. ஒனக்கு எழுபத்தெட்டு."

ஒரு விரலை மடக்கினார். தவக்காலம் தொடங்கவே இல்லை. அதற்குள் முதல் விரல்!

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்காரர் அந்தோணி வேறு யோசனை சொன்னார். "பெரியாத்தா, பின்னாடி தோட்டப் பாதை இருக்கு. ரெண்டே நிமிசத்துல உச்சிக்குக் கொண்டாந்து விட்டுறேன்."

"அதுக்குப் பேரு சிலுவைப்பாதை இல்லப்பா. டூரு."

அந்தோணி அதற்குப் பிறகு ஜீப்பைப் பற்றிப் பேசவில்லை. வெள்ளிதோறும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறினார்.

முதல் வெள்ளி, இரண்டாம் சிலுவை. நாற்காலியில் அக்கா அமர, நாடி பிடித்தபடி நான் அருகில் நின்றேன். மற்றவர்கள் உச்சிக்குப் போய்த் திரும்பினார்கள். இரண்டாம் வெள்ளி நான்கு. மூன்றாம் வெள்ளி ஆறு. அந்த ஆண்டு ரம்ஜான் நோன்பும் எங்கள் தவக்காலத்தோடு சேர்ந்து வந்தது. பக்கத்து வீட்டு ராவுத்தரம்மா நோன்புக் கஞ்சி கொண்டுவந்தபோது அக்கா கூச்சப்பட்டார். "நான்தான் இந்தத் தடவ நோன்பு பிடிக்கலையே, எனக்கு எதுக்கும்மா?"

"பிடிக்க முடியாதவுகளுக்கும் கஞ்சி உண்டுக்கா. குடிச்சாத்தானே கரடு ஏறுவீக" என்றார் அவர்.

நான்காம் வெள்ளிக்குள் செய்தி பரவி, வழக்கத்தைவிடக் கூட்டம் கூடியது. நான் எண்ணியவரை 143 பேர். பாட்டுக்கு நடுவே பின்னால் திரும்பிப் பார்ப்பவர்கள் அதிகமானார்கள்.

"அத்தை இன்னைக்கு எட்டாஞ் சிலுவைக்கு வந்துருமாப்பா?" என்று கூட்டத்தில் ஒருவர் அக்காவைக் காட்டிக் கேட்டார்.

"அது வந்துரும். நீ மொதல்ல ஒந்தொந்தியத் தூக்கிட்டு வா."

ஐந்தாம் வெள்ளிதான் என் உயிரை வாங்கியது. ஒன்பதாம் சிலுவைக்கு ஆறு படி இருக்கையில் அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாடி 112. "இறங்கிருவோம்க்கா" என்று கெஞ்சினேன். இயேசு மூன்றாம் முறை விழுந்த நிலை ஒன்பதாவது. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, "அவரே இங்கனதானடா விழுந்தாரு. நான் ஒக்காரக் கூடாதா?" என்றார். பதினான்கு நிமிடம் கழித்து எழுந்தார். ஒன்பது. பிறகு பத்து! கரடே கைதட்டியது. சிலுவைப்பாதையில் கைதட்டக் கூடாது, பங்குத்தந்தையும் தட்டினார்.

ஆறாம் வெள்ளி பன்னிரண்டு. என் கணக்கு அணுவளவும் பிசகவில்லை.

புனித வெள்ளி. பன்னிரண்டாம் நிலையில், இயேசு உயிர்விட்ட இடத்தில், எல்லோரும் முழந்தாளிட்டோம். இன்னும் 41 படிகளே. எழுந்து அக்காவின் கையைப் பிடித்தேன். அவர் எழவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நாடி 88. மூச்சு சீராக இருந்தது.

"நாப்பத்தோரு படிதாங்க்கா!"

"தெரியும்லே. நீதான் தெனமும் சொல்றியே."

"பெறகென்ன?"

"ஆண்டவரு வேலை பன்னெண்டோட முடிஞ்சிருச்சு. பதிமூணுல அவர எறக்குனாக. பதினாலுல அடக்கம் பண்ணுனாக. ரெண்டும் மத்தவுக செஞ்ச வேலை. அத நீங்க செய்வீக. போ, எனக்கும் சேத்து ஏறு."

ஏழு வாரமாக அக்கா நின்ற இடத்துக்கு மேலே நானும் போனதில்லை. அன்று தனியாகப் போனேன். 41 படிகளையும் எண்ண மறந்தேன். பதினான்காம் சிலுவையிலிருந்து பார்த்தால், கீழே சிவப்பு நாற்காலியிலிருந்து அக்கா கையாட்டிக்கொண்டிருந்தார்.

ஈஸ்டருக்கு மறுநாள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எங்களைத் திட்டித் தீர்த்தார். பத்து விரலும் போதாமல் மொத்தம் பதினொன்று, அதில் ஏழு எனக்கு. அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் காலையில் கஞ்சி குடித்து, சூடு போதவில்லை என்று குறை சொல்லிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்த இரண்டு நிலைகளைச் செய்தவர்களுக்கு இந்தக் குடும்பம் நன்றி சொல்ல வேண்டும். கட்டிலிலிருந்து அக்காவை இறக்கியபோது தலையை மடியில் வாங்கிக்கொண்ட ஜெயராணிக்கும் அவள் தங்கைக்கும். குளிப்பாட்டி, உடுத்திவிட்ட அன்பியம் என்னும் எங்கள் தெருச் செபக்குழுப் பெண்கள் ஒன்பது பேருக்கும். எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத மூன்று நாளும் பெரிய தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டுவந்த ராவுத்தரம்மாவுக்கும். செபித்து வழியனுப்பிய பங்குத்தந்தைக்கும். ஆறு ஆறு பேராக மூன்று முறை தோள் மாற்றிக் கல்லறைக்குச் சுமந்த இருபத்துநான்கு பேருக்கும். பாறை குறுக்கிட்டும் சலிக்காமல் நான்கு மணி நேரம் குழி தோண்டிய இருவருக்கும். கூட்டம் கலைந்த பிறகும் அந்தச் சிவப்பு நாற்காலியைக் கல்லறை அருகே போட்டு, "ஒக்காருங்கய்யா" என்று என்னை உட்கார வைத்த அந்தோணிக்கும்.

அக்கா நடந்தது பன்னிரண்டு. நீங்கள் செய்தது இரண்டு. மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன். பதினான்கு சரியாக வருகிறது.