வீட்டில் துப்பாக்கி இல்லை

1998 மார்ச் 14, சனிக்கிழமை. ஐந்து நாற்பதுக்கு எழுந்து காபி போட்டுக் குடித்தேன். ஆறேகாலுக்கு, படுக்கையறையில் துணி வைக்கும் குளோசெட்டின் உள்சுவரில் திருகி இறுக்கியிருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து ரைபிளை எடுத்தேன். அதன் போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தாழ், கராஜில் வேறொரு பூட்டிய பெட்டியில் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டேன். தோட்டாக்கள் நாற்பது. ஐந்தைந்தாகப் பிடிக்கும் தகட்டுக் கிளிப்புகள் எட்டு. நோட்டில் எழுதினேன். ஆறரைக்கு, டெக்சஸில் நாங்கள் இருந்த ரவுண்ட் ராக்கிலிருந்து சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கிளம்பினேன். எட்டு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலையில் அப்பா ஆபீஸ் போகிறார் என்றுதான் அவளுக்குச் சொல்லிவைத்திருந்தோம்.

ரைபிள் 1943இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. டெக்சஸுக்கு வருமுன் ஒன்பது வருடம் நான் அங்கே வேலை பார்த்தேன். கூட வேலை செய்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் துப்பாக்கி கிளப்புக்குக் கூட்டிப்போனார். சுடுவதைவிட அந்தப் பழைய பட்டாளத்து ரைபிள்களின் உடம்பு எனக்குப் பிடித்தது. போல்ட்டில் பொறித்த எண்ணும் உடலில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்கிறது என்று பொருள். அப்படி ஒன்றைத் தேடி வாங்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. முதலில் கிளப்பில் மாதக்கணக்கில் வந்துபோக வேண்டும். பிறகு போலீஸுக்கு விண்ணப்பம். ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து, பெட்டியை ஆட்டிப் பார்த்து, சாவி எங்கே இருக்கும் என்று கேட்டார். மனைவிக்குக்கூடத் தெரியாத இடம் என்றேன். சரியான பதில் என்றார். எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம் என்பதும் சான்றிதழில் எழுதியிருந்தது.

ஊர் மாறும்போது அதைக் கிளப்பிலேயே ஒருவருக்கு விற்றுவிட்டேன். டெக்சஸில் அதே ரகத்தை ஒரு கடையில் பார்த்தேன். எண்கள் பொருந்தின. ஒரு படிவம், டிரைவிங் லைசென்ஸ், இருபது நிமிடம். பார்சல் கட்டிக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டார்கள். யாரும் கேட்காவிட்டாலும் இங்கிலாந்தில் செய்ததையெல்லாம் இங்கேயும் செய்தேன், ஒன்றைத் தவிர. அங்கே ரேஞ்சை விட்டுக் கிளம்புமுன் ஒவ்வொருவரும் பைகளைத் தடவிப் பார்த்து, "என்னிடம் தோட்டாவோ வெற்றுக் கூடோ இல்லை" என்று பொறுப்பாளரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இங்கே கேட்க ஆளில்லை. தனியாக நின்று சொல்வது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. விட்டுவிட்டேன்.

அன்று ஆறாவது கிளிப்பில் நான்கு சுட்டபோது, யாரோ இலக்கு அட்டையை மாற்றப் போக வேண்டும் என்று மணி அடித்தார்கள். மணி அடித்தால் துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டும். ஐந்தாவது தோட்டாவை வெளியே எடுத்து ஜாக்கெட் பையில் போட்டேன். வெயில் ஏறிவிட்டதால் அதோடு முடித்துக்கொண்டேன். ஜாக்கெட்டைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்தேன். வீட்டுக்கு வந்து, கெட்டிலில் கொதித்த தண்ணீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்றிக் கழுவினேன். அந்தக் காலத்துத் தோட்டாவின் மருந்து உப்புப்போல் இரும்பை அரித்துவிடும். கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டுப் பூட்டுவதற்குள் மகளின் தமிழ் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. தோட்டாக்களை எண்ணாமல் அப்படியே பூட்டினேன். மகளையும் அவள் தோழியையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். ஜாக்கெட்டை எடுத்து முன்சீட்டில் வைத்தேன். வகுப்பு முடிந்ததும் தோழியை அவள் வீட்டில் இறக்கிவிட்டேன்.

இந்தத் தோழியின் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர். ஆறு மாதத்துக்கு முன், முதல்முறை மகளை எங்கள் வீட்டில் விளையாட விட வந்தபோது, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார்.

"அண்ணா, குறை நினைக்காதேங்கோ. எல்லா வீட்டிலயும் கேக்கிறனான். வீட்டில துவக்கு ஏதும் இருக்கோ?"

"துப்பாக்கி எதுவும் இல்லை," என்றேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"நான் பாக்கிற வேலை அப்படி. ஒவ்வொரு கிழமையும் ஒரு பிள்ளையாவது சூடு பட்டு வருது. அதுதான்."

"கேக்கிறதுதான் நல்லது," என்றேன். என் மனைவி பக்கத்தில் நின்றாள். தட்டில் முறுக்கை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

என் தரப்பில் ஒரு நியாயம் வைத்திருந்தேன். போல்ட் இல்லாத ரைபிள் இரும்புக் குழாய்தான். பூட்டியிருக்கிறது. சாவி என்னிடம். அந்த அம்மாவின் பயத்துக்கும் என் பெட்டிக்கும் சம்பந்தமில்லை. இப்போது எழுதும்போது தெரிகிறது, அவர் கேட்டது பூட்டைப் பற்றியல்ல. உண்டு என்று சொல்லிப் பெட்டியைக் காட்டியிருந்தால், பிள்ளையை விடுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்திருப்பார். அந்த முடிவை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் மகளுக்குக் கிடைத்த ஒரே தோழி போய்விடுவாளோ என்ற பயமும் இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு நோட்டையும் தோட்டாப் பெட்டியையும் எடுத்து உட்கார்ந்தேன். வெற்றுக் கூடுகள் இருபத்தொன்பது. மீதம் பதினொன்று இருக்க வேண்டும். பத்துதான் இருந்தது. ஜாக்கெட் நினைவுக்கு வந்து ஓடினேன். பை காலி. கார் சீட்டுகளுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

"ஏங்க, என்னத்த இப்படித் தேடுறீங்க?" என்று மனைவி கராஜுக்கு வந்தாள்.

"ஒரு தோட்டா."

"வெடிக்கிறதா, வெடிச்சதா?"

"வெடிக்கிறது."

பின்னாலேயே வந்து நின்ற மகள் கேட்டாள், "இஸ் இட் த கோல்ட் திங்? பாயின்ட்டியா இருக்குமே? மை ஃப்ரெண்ட் ஃபவுண்ட் இட் ஆன் த சீட். பென்சில் பவுச்ல போட்டுக்கிட்டா. ஷி ஸெட் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ், கண்டெடுத்தவங்களுக்கே சொந்தமாம்."

மகளை உள்ளே அனுப்பிவிட்டு மனைவி சொன்னாள்: "போன் பண்ணி உண்மையச் சொல்லிடுங்க."

"சொன்னா அப்புறம் அந்தப் பொண்ண அனுப்புவாங்களா?"

"அனுப்ப மாட்டாங்க." கார்க் கதவைச் சாத்தினாள். "ஷார்ப்னர் மாறிப்போச்சுன்னு சொல்லி எடுத்துட்டு வந்துடுங்க. முதல்ல அது அந்த வீட்டுல இருக்கக் கூடாது. மத்தது அப்புறம்."

நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். மகளின் மேஜையிலிருந்து பச்சை நிற ஷார்ப்னரை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பொய்க்கு ஆதாரம் வேண்டும் அல்லவா. ஆறு மணிக்கு அவர்கள் வீட்டு மணியை அடித்தேன். டாக்டர் கதவைத் திறந்தார். ஷார்ப்னர் மாறிப்போனதாகச் சொன்னேன்.

"ஒரு ஷார்ப்னருக்கோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? திங்கக்கிழமை அவளிட்டக் குடுத்து விட்டிருப்பன்தானே!"

"ஹோம்வொர்க் பண்ணணும்னு அழறா," என்றேன்.

"அப்பாமாருக்கு மகள்மார் அழக் கூடாது." சிரித்துக்கொண்டே பவுச்சைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "பிள்ளை குளிக்குது. நீங்களே பாருங்கோ. தேத்தண்ணி போடுறன்."

அவர் சமையலறைக்குப் போனதும் ஜிப்பைத் திறந்தேன். கிரேயான்களுக்கு நடுவே தோட்டா கிடந்தது. குளிர்ந்திருந்தது. எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டேன். சட்டைப் பையிலிருந்து ஷார்ப்னரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவர் தேநீரோடு வந்தபோது, "கிடைச்சிடுச்சு," என்று அதைக் காட்டினேன்.

"அண்ணா, அடுத்த சனிக்கிழமை எனக்கு நைட் டியூட்டி. இவவை உங்கட வீட்டில படுக்க விடட்டோ? உங்கட வீடெண்டா எனக்கு ஒரு யோசனையும் இல்ல."

"தாராளமா," என்றேன். தேநீரை முழுவதும் குடித்தேன். தொடையில் அந்தத் தோட்டா குத்திக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியில் வைத்தேன். மீதம் பதினொன்று என்று நோட்டில் எழுதினேன். இத்தனை வருடமாக நான் எழுதியவற்றில் கணக்குச் சரியாக இருந்தும் பார்க்கக் கூசிய வரி அது ஒன்றுதான். சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி கேட்டாள், "அடுத்த சனிக்கிழமை அந்தப் பொண்ணு எங்க படுக்கும்?" விருந்தாளி அறை நிறைய அட்டைப்பெட்டிகள். மகள் அறையில்தான் படுக்க வேண்டும். அந்த அறைக்கும் எங்கள் குளோசெட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். "அவ தன் கோல்ட் திங் எங்கேன்னு தேடி அம்மாகிட்ட கேட்டா?" என்றாள் மறுபடியும். அதையும் நான் யோசித்திருந்தேன். மறுநாள் நான் செய்ததில் பாதி மனசாட்சி, பாதி இந்தப் பயம். எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

15ஆம் தேதி, ஞாயிறு. எழுந்ததும் காபி போடவில்லை. டாக்டர் ஏழு மணி டியூட்டிக்கு ஆறரைக்குக் கிளம்புவார் என்று தெரியும். ஆறு இருபதுக்கு அவர்கள் வீட்டுமுன் டிரைவ்வேயில் நின்றேன். கோட்டும் சாவியுமாக வெளியே வந்தவர், "என்ன அண்ணா, இப்ப அழி ரப்பரோ?" என்றார்.

சொன்னேன். ரைபிள் இருப்பதை, இல்லை என்று சொன்னதை, தோட்டாவை, ஷார்ப்னரை. மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. பெட்டி, போல்ட், பூட்டு என்று ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"நேற்று உங்களுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிக்கேக்க, அது என்ர பிள்ளையின்ர பைக்குள்ள இருந்ததோ?"

"ஆமாம்."

கதவைத் திறந்து உள்ளே போய் அந்தப் பவுச்சை எடுத்து வந்தார். ஜிப்பைத் திறந்து காரின் பானட்மேல் கவிழ்த்தார். கிரேயான்கள் உருண்டு தரையில் விழுந்தன. நான் குனிந்தேன். "நீங்கள் தொடாதேங்கோ," என்றார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பார்த்துத் திரும்பவும் உள்ளே போட்டார். முடியும் வரை நான் அங்கேயே நின்றேன்.