எட்டாவது அலை

எங்கள் கடலோரக் கிராமமான தகூர்த்தில் பொறாமைக்கு ஒரு முகம் வரையச் சொன்னால் சின்னப் பிள்ளைகூட இஜ்ஜாவின் முகத்தைத்தான் வரையும். அவளும் அதை மறுக்கமாட்டாள். "எனக்கு இருக்கிறது ஒரே ஒரு புருஷன். அவனையும் ஊருக்குப் பொதுவில எழுதி வைக்கணுமா?" என்று திருப்பிக் கேட்பாள்.

மலைமேல் ஆர்கான் மரங்களுக்கு நடுவே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவள், பெலாயித்துக்கு வாழ்க்கைப்பட்டுக் கடலோரத்துக்கு இறங்கி வந்தாள். வந்த முதல் மாதமே அவளுக்கு ஒரு சக்களத்தி வாய்த்தது. அது அவனுடைய படகு. நோன்பு மாதத்துக்கு முன்னால் அவன் அதற்கு நீலம் பூசுவான். பூசி முடித்துவிட்டு அதன் வயிற்றை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பான். "என் கன்னத்தை என்னைக்காவது இப்படித் தடவியிருக்கியாய்யா?" என்று கரையில் அத்தனை ஆண்களுக்கு முன்னால் கேட்டுவிட்டாள். அதை அவர்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பெரிய கப்பல்கள் வந்து மீனை வழித்துக்கொண்டு போன பிறகு, பெலாயித் படகை விற்றான். அவன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இஜ்ஜா அண்டை வீடுகளுக்கெல்லாம் கோதுமை ரவையில் குஸ்குஸ் கிண்டிக் கொடுத்தாள்.

அப்புறம் பலகைக்காரர்கள் வந்தார்கள். முதுகில் மூட்டையும் கக்கத்தில் பலகையுமாக எங்கெங்கிருந்தோ வந்து, எங்கள் விரிகுடாவில் அலைமேல் நின்று பழகினார்கள். எந்தப் பாறை எங்கே ஒளிந்திருக்கிறது, எந்தக் காற்றுக்கு எந்த அலை எழும் என்று பெலாயித்துக்குத் தெரியும். ஆகவே வலை பிடித்த கை பலகை பிடித்தது. ஊரில் அவனுக்கு வாத்தியார் என்று பெயர் வந்தது. இஜ்ஜா மாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டாள். வந்தவர்களுக்குச் சோறும் அவள்தான். கறியும் வாழைப்பழமும் போட்டு மண்சட்டியில் அவள் வைக்கும் தஜீனுக்காகவே திரும்பி வருகிறவர்கள் உண்டு.

அவளுடைய சொந்த வேலை மட்டி பொறுக்குவது. கடல் வற்றும் நேரத்தில் ஓரகத்தி ரகிய்யாவோடு பாறைக்குப் போய், இரும்புக் கத்தியால் மட்டியைப் பெயர்த்து முதுகுக் கூடையில் போடுவாள். முழங்கால் வரைதான் தண்ணீர். எங்கள் பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. யாரும் தடுத்ததில்லை, யாரும் போனதுமில்லை. அந்தப் பாறையிலிருந்து பார்த்தால் விரிகுடா முழுவதும் தெரியும். இஜ்ஜாவுக்கு அதுதான் வசதியாகவும் போயிற்று, வினையாகவும் போயிற்று.

இந்தக் குளிர்காலத்து வினையின் பெயர் லீன். ஹாலந்துக்காரி. மூன்றாவது வருஷமாக வருகிறாள். நாற்பதைத் தாண்டியவள், மூக்கு வெயிலில் உரிந்து கிடக்கும், மஞ்சள் முடி உப்பில் சிக்கேறி வைக்கோல்போல இருக்கும். அழகியாக இருந்திருந்தால் இஜ்ஜா இவ்வளவு கவலைப்பட்டிருக்கமாட்டாள். அழகிகள் இரண்டு வாரத்தில் போய்விடுவார்கள். இவளோ மாதக்கணக்கில் தங்கினாள், அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், ரொட்டியை, பாதாமும் ஆர்கான் எண்ணெயும் சேர்த்து அரைத்த அம்லூவில் தோய்த்துத் தோய்த்துத் தின்றாள், எங்கள் மொழியில் நாலு வார்த்தை வேறு கற்றுக்கொண்டாள். பெலாயித்திடம் பலகை பழகாதவளாக மட்டும் இருந்திருந்தால் இஜ்ஜா அவளைத் தங்கை என்று ஊருக்குச் சொல்லியிருப்பாள்.

ஆனால் பாறையிலிருந்து தெரிந்தது வேறு. பெலாயித் மார்பளவு தண்ணீரில் நிற்பான். லீன் பலகையில் குப்புறப் படுத்திருப்பாள். அவன் தோளுக்குமேல் திரும்பி அலையைப் பார்த்துக்கொண்டே இருந்து, சரியான நேரத்தில் பலகையின் பின்பக்கத்தைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளுவான். அவள் எழுந்து நின்று கரைவரைக்கும் பறந்து போவாள். போகும்போது ஒரு கூச்சல் போடுவாள் பாருங்கள், சந்தோஷம் தாங்காத கூச்சல். அதைக் கேட்கும்போதெல்லாம் இஜ்ஜாவின் கத்தி மட்டியை விட்டுப் பாறையைக் கீறும்.

"அக்கா, விரலை வெட்டிக்கப்போற," என்றாள் ரகிய்யா.

"எப்படித் தள்ளுறான் பாத்தியா? என்னை இத்தனை வருஷத்துல ஒரு தடவை தள்ளியிருக்கான். அது கழுதைக்கு வழி விடச் சொல்லி."

"எல்லாரையும்தான் தள்ளுறாரு. அந்த வழுக்கைத் தலை ஜெர்மன்காரனைக்கூடத் தள்ளுறாரு."

"ஜெர்மன்காரன் அப்படியா கத்துறான்?"

ரகிய்யா குனிந்து தனக்குள் சிரித்துக்கொண்டாள். ஓரகத்தியின் வயிற்றெரிச்சல் அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு.

அன்று வாரச் சந்தை. இஜ்ஜா மட்டியை விற்றுவிட்டு வந்து, துவைப்பதற்காகப் பெலாயித்தின் குளிர்ச் சட்டையை எடுத்தாள். பைக்குள் மடித்த காகிதப் பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்தாள். உள்ளே ஒரு பிடி மஞ்சள் முடி.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், லீனுடையதேதான். ஒரு ஆண் ஒரு பெண்ணின் முடியை மடித்துப் பையில் வைத்திருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒன்று, அவன் அவளை நினைத்து வைத்திருக்கிறான். அல்லது, அவள் அவனுக்கு ஏதோ செய்வினை வைத்துவிட்டாள். இரண்டில் எது என்று தெரியாமல் இஜ்ஜா இரண்டுக்கும் சேர்த்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பொட்டலத்தைத் தன் உடுப்புக்குள் செருகிக்கொண்டாள்.

சாயங்காலம் பெலாயித் தஜீன் முன்னால் உட்கார்ந்தான்.

"என்ன, இன்னைக்கு உப்பு தூக்கலா இருக்கு?"

"கடல்லேயே கிடக்கிறவனுக்கு இது ஒரு உப்பா?"

"நீ எதையோ மனசுல வச்சுக்கிட்டுப் பேசுற."

"நான் மனசுலதான் வச்சுக்குவேன். பையில எல்லாம் வச்சுக்கத் தெரியாது."

அவன் ஒன்றும் புரியாமல் ரொட்டியைப் பிய்த்தான். அவனுடைய அந்த வெள்ளந்தி முகமே அவளுக்குப் பெரிய சாட்சியாகத் தோன்றியது. நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டாள். ஊரே பார்க்க அத்தனை சண்டை போட்டவளுக்கு, உண்மையாக ஒன்று வந்தபோது உப்பைப் பற்றித்தான் பேச வந்தது.

மறுநாள் ரகிய்யாவிடம் பொட்டலத்தைக் காட்டினாள். ரகிய்யாவின் சிரிப்பு அடங்கிவிட்டது.

"ஏழு அலை எடுத்துரு அக்கா. வேற வழியே இல்ல," என்றாள்.

விரிகுடாவின் முனையில் சீதி பூவாமான் என்கிற இறைநேசரின் அடக்கத்தலம் இருக்கிறது. வெள்ளை அடித்த சின்ன மாடம். அதன் காலடியில் தண்ணீருக்குள் இறங்கி நின்று, ஏழு அலைகளைத் தலைக்குமேல் விட்டால் கண்ணேறு கழியும், செய்வினை அவிழும், போன புருஷன் திரும்புவான். நடுவில் வாய் திறக்கக் கூடாது. எதிரியுடைய பொருள் ஏதாவது இருந்தால் ஏழாவது அலையில் விட்டுவிட வேண்டும். விட்டதும் திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும்.

"முக்கியமா ஒண்ணு. எட்டாவது அலை உன் மேல படவே கூடாது. பட்டா ஏழும் வீண். கட்டினதெல்லாம் அவுந்துரும்," என்றாள் ரகிய்யா.

"எனக்கு முழங்காலுக்கு மேல தண்ணி ஆகாதுடி."

"புருஷன் வேணுமா வேணாமா?"

வேண்டும். அதனால் மறுநாள் காலை, கடல் வற்றிய நேரத்தில், இஜ்ஜா உடுத்திய துணியோடு இறங்கினாள். ரகிய்யா பாறைமேல் நின்று, இஜ்ஜாவின் இடுப்பில் கட்டிய கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் தொடையைத் தொட்டபோதே இஜ்ஜாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. இடுப்பு வந்தது. முதல் அலை அவளை முகத்தில் அறைந்தது. இரண்டாவது மூக்கு வழியாகப் போய் வாய் வழியாக வந்தது. மூன்றாவதில் மனதுக்குள் கலிமா சொல்லிக்கொண்டாள்.

நாலாவது அலை அவள் கால்களை மணலிலிருந்து தூக்கியது. அப்படியே தூக்கி, ஒரு கணம் சும்மா வைத்திருந்து, மெல்லக் கீழே இறக்கியது. பிறந்ததிலிருந்து ஆட்டையும் விறகையும் தண்ணீர்க் குடத்தையும் கூடையையும் அவள்தான் தூக்கியிருக்கிறாள். அவளை எதுவும் தூக்கியதில்லை. ஐந்தாவது வந்தபோது அவளே சற்று எம்பினாள். ஆறாவது வரத் தாமதமானது, அவளுக்குக் கோபம் வந்தது.

இதற்குள் தூரத்தில் பலகைமேல் இருந்த லீன், கறுப்புத் துணி ஒன்று தண்ணீரில் போய்வருவதைப் பார்த்துவிட்டாள். யாரோ மூழ்குகிறார்கள் என்று நினைத்து, கைகளால் துழாவித் துழாவி இவள் பக்கம் வந்தாள். அவள் போன வேகத்தைப் பார்த்துப் பெலாயித்தும் கரையோரமாக ஓடி வந்து தண்ணீரில் குதித்தான். ஏழாவது அலை இஜ்ஜாவின் தலைக்குமேல் போகவும், அவள் பொட்டலத்தைப் பிரித்து விடவும், லீனின் பலகை வந்து முட்டவும் சரியாக இருந்தது. ஏழுக்குப் பிறகு கடல் சற்று ஓய்ந்தது, மஞ்சள் முடி மூவருக்கும் நடுவில் மிதந்தது.

"இது... என் முடி," என்றாள் லீன், தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில்.

"ஏறி வா அக்கா. பேசாத, திரும்பாத," என்று பாறையிலிருந்து ரகிய்யா கயிற்றை இழுத்தாள்.

இஜ்ஜா கயிற்றை அவிழ்த்து எறிந்தாள். "உன் முடிதான். இவன் பையில இருந்துச்சு. ஏன்யா, எதுக்கு வச்சிருந்த? இப்பவாவது சொல்லு."

பெலாயித் மூச்சு வாங்கினான். "அடியே, நீ சந்தைக்குப் போயிருந்தப்ப அவ மாடியில உக்காந்து சிக்கை வெட்டி எறிஞ்சா. காத்துல ஊர் பூராப் பறக்குது. முடியைக் கீழ போட்டா எவளாவது எடுத்துச் செய்வினை வச்சிருவானு யார் சொன்னது? நான் தலை மழிக்கும்போதெல்லாம் ஒண்ணு விடாமப் பொறுக்கி அத்தி மரத்தடியில புதைக்கிறது யாரு?"

"நான்," என்றாள் இஜ்ஜா.

"அதான் கூட்டி எடுத்தேன். விருந்தாளிக்கு ஒண்ணு ஆகிடக் கூடாதேனு. அத்தி மரத்துக்குப் போறதுக்குள்ள எவனோ பலகை கேட்டு வந்தான். பையில போட்டேன், மறந்துட்டேன்."

அவன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். இஜ்ஜா காதைப் பார்த்தாள். சிவக்கவில்லை. அத்தனை நாள் சுமந்த சந்தேகம் சட்டென்று போனது. ஆனால் எரிச்சல் போகவில்லை. புருஷன் தன்னுடையவன்தான் என்று தெரிந்த பிறகும் அது அப்படியே இருந்தது. அவள் பார்வை பெலாயித்தைத் தாண்டி, லீனையும் தாண்டி, அந்தப் பலகையில் போய் நின்றது.

"முழங்காலுக்கு மேல இந்தத் தண்ணி இப்படி இருக்கும்னு ஏன்யா எனக்குச் சொல்லல?"

"நீ கேக்கலையே."

"அவ கேட்டாளா?"

"அவ பலகையோட வந்தா."

"எட்டாவது வருது!" என்று ரகிய்யா தலையில் அடித்துக்கொண்டாள். "எல்லாம் போச்சு, எல்லாம் அவுந்துரும்."

"அவுழட்டும்," என்றாள் இஜ்ஜா. லீனைக் கையைப் பிடித்து இறக்கினாள். பலகையில் தொம்மென்று குப்புற விழுந்தாள். நனைந்த துணி இரண்டு பக்கமும் தொங்கியது. "தள்ளுய்யா."

"இஜ்ஜா, கரையில ஆம்பளைங்க..."

"அவளைத் தள்ளினல்ல? தள்ளு."

அவன் தோளுக்குமேல் திரும்பி அலையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தள்ளினான். எட்டாவது அலை அவளை வாரி எடுத்துக்கொண்டு போனது. எழுந்து நிற்கவெல்லாம் இல்லை. கவிழ்ந்து படுத்தபடியே போனாள். ஆனால் போகும்போது அவள் போட்ட கூச்சலில் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மணலில் மூக்கு இடித்தது. வாய் நிறைய மணலோடு எழுந்து உட்கார்ந்தாள்.

பெலாயித் பதறி ஓடிவந்தான். பின்னால் லீன் கைதட்டிச் சிரித்துக்கொண்டே வந்து பலகையை எடுக்கக் குனிந்தாள். இஜ்ஜா அதன்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இவளை வீட்டுக்குப் போகச் சொல்லுய்யா," என்றாள் புருஷனிடம். "அடுப்புல ரொட்டி இருக்கு, அம்லூ இருக்கு, வேணுங்கிற மட்டும் திங்கட்டும். பலகையை மட்டும் வச்சுட்டுப் போகச் சொல்லு."