பத்தாயிரத்து ஏழு புஷ்

பேக்கிங் செக்‌ஷனில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத் தெரியாததில்லை: சரக்கை எண்ணுவது சுலபம், எண்ணியதைப் பெட்டிக்குள் சரியாக உட்கார வைப்பதுதான் பெரும்பாடு.

ஒரு குழி காலி

போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எனக்கு டிஸ்பாட்ச் வேலை. வண்டிகளுக்குப் போடும் புஷ் என்கிற சின்ன இரும்பு வளையங்களைப் பெட்டியில் அடுக்கி அனுப்ப வேண்டும். பெட்டிக்கு எழுபத்திரண்டு குழி. பெங்களூர் கஸ்டமர் வழக்கமாகப் பத்தாயிரத்து எண்பது கேட்பார்கள். நூற்று நாற்பது பெட்டி, தலைவலியே கிடையாது. அன்றைக்கு வந்த ஆர்டர் பத்தாயிரத்து ஏழு. கடைசிப் பெட்டியில் ஒரே ஒரு குழி காலி.

எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கை இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் லேபிள் அடிக்காது. ஆர்டருக்கு மேல் ஒன்று இருந்தாலும் கஸ்டமர் லோடைத் திருப்பிவிடுவார்கள். லோடு திரும்பி வந்ததற்காக எனக்கு முன்னால் இருந்தவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். என் கான்ட்ராக்டோ அந்த மாதத்தோடு முடிகிறது. லாரி டிரைவர் மஞ்சுநாத் வேறு நிமிஷத்துக்கொரு தரம் எட்டிப் பார்த்து, முடிந்ததா என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்: “ஆய்த்தா மேடம்?”

கால்குலேட்டரும் கைவிட்டது

பெட்டிக்குக் கொஞ்சம் குறைத்து வைத்தாவது சமமாகப் பிரிக்கலாமே என்று கால்குலேட்டரைத் தட்டினேன். மூன்றால் வகுபடவில்லை. ஏழால் வகுத்தால் நாலு மீதி, பதினொன்றால் எட்டு மீதி, பதிமூன்றால் பத்து மீதி. விடாமல் நூறு வரை போனேன். அதற்கு மேல் தேடிப் பயனுமில்லை; நூற்றொன்றை நூற்றொன்றால் பெருக்கினால் இந்த எண்ணையே தாண்டிவிடும். ஏழு, பதினொன்று என்று பள்ளியில் படித்தோமே, அதே பகா எண். இத்தனை பெரிதாகவும் ஒன்று இருக்கும், அது என் பிழைப்பில் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

அழாத குறையாக சூப்பர்வைசர் செல்வம் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். “ரெண்டே வழிதாம்மா. ஒரே பெட்டியில பத்தாயிரத்து ஏழு, இல்லன்னா பத்தாயிரத்து ஏழு பெட்டி. என்னா பண்றன்னு சீக்கிரம் சொல்லு, வண்டி நிக்குது.”

போனில் ஒரு உபகாரம்

கடைசியில் கஸ்டமரின் பர்ச்சேஸ் ஆபீசர் கிரீஷுக்கே போன் போட்டேன். அதென்ன சார் ஏழு என்றேன். டெஸ்டிங்கில் உடைத்துப் பார்க்க என்றார். எட்டாகப் போட்டால் நூற்று முப்பத்தொன்பது பெட்டி முழுசாக நிறையும் என்று கெஞ்சினேன். நல்ல மனுஷன், உடனே ஆர்டரைத் திருத்தினார். லேபிள் அடித்து லாரியை அனுப்பினேன்.

கான்ட்ராக்டை ஒரு மாதத்துக்கு மட்டும் நீட்டித்தார்கள். அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அந்த மாதம் கிரீஷே கூப்பிட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம். “மேடம், போன வாட்டி ஏழுக்கு மேல ஒண்ணு ஜாஸ்தி பண்ணதுக்கே அவ்ளோ குஷி ஆனீங்க. இந்த வாட்டி நீங்க கேக்காமலே ரெண்டு ஜாஸ்தி பண்ணிட்டேன், பத்தாயிரத்து ஒன்பது.”

போனை வைத்துவிட்டு மறுபடி நூறு வரை தட்டிப் பார்த்தேன், பத்தாயிரத்து ஒன்பதும் பகா எண்தான்; இந்தக் கம்பெனியில் மீதியில்லாமல் கூறு போட முடிவது என் கான்ட்ராக்டை மட்டுமே, மாதம் மாதமாக.